லோகோ வந்தபிறகு திரை கருப்பானால்: ஃபார்மட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் உபுண்டு 24.04 லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப், என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. நேற்று இரவு அப்டேட் கேட்டது, கொடுத்துவிட்டு அணைத்துவிட்டார். காலையில் ஆன் செய்தால் மதர்போர்டு லோகோ வருகிறது, அப்புறம் திரை கருப்பு. ஃபேன் ஓடுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது. கடையில் கேட்டால் ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார்கள். மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், ஃபார்மட் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளுக்கு எதுவும் ஆகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படம் காட்டும் வேலை மட்டும் நின்றுபோயிருக்கிறது. மகளிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பா வீட்டுக் கணினிக்கும் இதேதான் வந்தது. நான் அப்போது ஊரில் இல்லை. பார்க்க வந்தவர் டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். பாட்டி சொன்ன கதைகளைச் சித்தப்பா குரல்பதிவாக அதில் வைத்திருந்தார், எல்லாம் போய்விட்டது. கோளாறு வந்த அன்று அவர் ஃபோனில் எடுத்த படத்தைப் பிறகுதான் பார்த்தேன். என்விடியா மாட்யூல், அதாவது கார்டை இயக்கும் நிரல், ஏறவில்லை என்று ஒரே ஒரு வரி அதில் இருந்தது. பழைய கெர்னலில் (லினக்ஸின் மைய நிரல்) ஏறியிருந்தால் பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் உட்கார்ந்து முழுதாகப் பதில் சொல்கிறேன்.

கீழே வரும் ஆணைகளை அவை ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். ஹைஃபன் என்று எழுதிய இடத்தில் சிறிய கோடு.

திரை கருப்பு என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த இடத்தில் கருப்பானது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு லினக்ஸ் கணினி ஆன் ஆவது ஓர் அஞ்சல் ஓட்டம் மாதிரி. முதலில் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ எழும். அது க்ரப் என்ற சின்ன நிரலை எழுப்பும். க்ரப் கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் எழுந்து வன்பொருளை அடையாளம் கண்டு, சிஸ்டம்டியிடம் பொறுப்பைக் கொடுக்கும். சிஸ்டம்டி மற்ற சேவைகளைத் தொடங்கி, கடைசியில் லாகின் திரையைக் காட்டும் நிரலைத் தொடங்கும். உபுண்டுவில் அது ஜிடிஎம். மற்ற டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸின் மற்ற வகைகளில், லைட்டிஎம் அல்லது எஸ்டிடிஎம் இருக்கும். கடவுச்சொல் கொடுத்தபிறகுதான் உங்கள் டெஸ்க்டாப் வரும். இதில் எந்தக் கை மாறும்போது தடி விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

உங்களுக்கு லோகோ வருகிறது என்பதே பெரிய தகவல். மானிட்டர், கேபிள், கார்டு, ரேம் எல்லாம் அடிப்படையில் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். லோகோவே வராமல், மானிட்டரில் சிக்னல் இல்லை என்ற செய்தி மட்டும் வந்திருந்தால் லினக்ஸைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. கேபிள் கார்டில் சொருகியிருக்கிறதா அல்லது தவறுதலாக மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகியிருக்கிறதா, மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்திருப்போம். அப்புறம் மின் இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்தியிருப்போம். உங்களுக்கு அது தேவைப்படாது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். கார்டு, மதர்போர்டு இரண்டிலும் டிஸ்ப்ளே வாய்கள் இருந்தால், சில கணினிகளில் லோகோ ஒரு வாயிலும் லினக்ஸ் எழுந்தபிறகு வரும் படம் இன்னொன்றிலும் வரலாம். பழைய டிவியையோ ப்ரொஜெக்டரையோ கூடவே இணைத்து வைத்திருந்தால் லாகின் பெட்டி அதில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு மானிட்டர், ஒரே ஒரு கேபிள் என்று வைத்துக்கொண்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். அதற்குமேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சரி, திரை கருப்பாக இருக்கும்போதே ஒரு சோதனை. ஆன் செய்து இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, பட வழிதான் அடைந்திருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் கெர்னலே உறைந்திருக்கலாம்.

விளக்கு வேலை செய்தால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் லாகின் என்று கேட்டால் மிக நல்லது. அதுதான் எழுத்து முனையம். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகலாம். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒரு நட்சத்திரம்கூட வராது. பலர் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பார்க்காமலே அடித்து எண்டர் கொடுங்கள். உள்ளே போய் எல்எஸ் என்று அடித்தால் உங்கள் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரியும். மகளின் ப்ராஜெக்ட் ஃபோல்டரை அங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

அந்த முனையமும் வரவில்லை என்றாலும் பரவாயில்லை. அடுத்த வழி க்ரப்.

கணினியை அணைக்க வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது கடைசி வழியாக இருக்கட்டும், ஏனென்றால் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் அறுபடலாம். முதலில் பட்டனை ஒருமுறை மட்டும் தட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். சிஸ்டம்டி உயிரோடு இருந்தால் ஒழுங்காகவே அணைந்துவிடும். அணையாவிட்டால் ஆல்ட்டோடு பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனையும் பிடித்துக்கொண்டு, நிதானமாக எஸ், யூ, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எழுதாமல் மிச்சம் இருப்பதை டிஸ்க்கில் எழுது, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்று, மறுபடி தொடங்கு என்று கெர்னலிடமே நேராகச் சொல்கிறோம். ஆறு எழுத்துகள் கொண்ட நீளமான வடிவத்தைச் சில இடங்களில் படித்திருப்பீர்கள். உபுண்டு பாதுகாப்பு கருதி முதல் மூன்றையும் அடைத்து, இந்த மூன்றை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. அதனால் இவை போதும்.

மறுபடி எழும்போது, மதர்போர்டு லோகோ மறையும் தருணத்தில் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் வகைக் கணினி என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எஸ்கேப்பை அவசரத்தில் பலமுறை தட்டினால் பட்டியலைத் தாண்டி க்ரப் என்ற சொல்லோடு ஒரு வெற்று ஆணைத் திரை வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். நார்மல் என்று அடித்து எண்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒரே ஒருமுறை தட்டினால் பட்டியல் வரும்.

பட்டியலில் இரண்டாவதாக அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று இருக்கும். அதற்குள் போனால் கெர்னல்கள் எண்களோடு வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது, நேற்றைய அப்டேட்டில் வந்தது. அதற்குக் கீழே இருப்பது நேற்று மாலைவரை வேலை செய்தது. பெயரோடு ரெக்கவரி மோட் என்று இல்லாத பழைய கெர்னலைத் தேர்ந்து எண்டர் கொடுங்கள். நீங்கள் சொல்லும் நிலைமையில், டெஸ்க்டாப் முழுதாக வந்து நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உபுண்டு பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

வந்துவிட்டதா? வேறெதையும் தொடும் முன் ப்ராஜெக்ட்டைப் பென் டிரைவில் நகலெடுங்கள். அதன்பிறகு தொடர்ந்து படியுங்கள்.

பழைய கெர்னலில் வருகிறது, புதியதில் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். என்விடியா டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. அது தனி மாட்யூல். ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாக, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்க வேண்டும். ஒன்று, அந்தக் கெர்னலுக்கென்று முன்பே செய்து வைத்த மாட்யூலை உபுண்டு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே அதைத் தொகுக்க வேண்டும். கெர்னல் இறங்கி, மாட்யூல் முடிவதற்குள் கணினியை அணைத்திருந்தால், அல்லது தொகுக்கத் தேவையான ஹெடர் கோப்புகள் இல்லாதிருந்தால், புதிய கெர்னல் டிரைவர் இல்லாமல் நிற்கும். நீங்கள் அப்டேட் கொடுத்துவிட்டு இரவில் அணைத்ததாகச் சொன்னதால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

டிரைவர் இல்லாவிட்டால் கெர்னலோடு வரும் நூவோ என்ற திறந்த டிரைவர் கைகொடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். என்விடியா டிரைவரை நிறுவும்போதே நூவோவை ஏற்றாதே என்று தடைப்பட்டியலில் எழுதிவிடுகிறார்கள், இரண்டும் ஒரே கார்டுக்குச் சண்டை போடக் கூடாது என்பதற்காக. ஆக, வந்திருக்க வேண்டியது வரவில்லை, இருந்ததையும் கட்டிப்போட்டாயிற்று. இந்த நிலையில் சில கணினிகளில் 1024க்கு 768 அளவில் பெரிய பெரிய எழுத்துகளோடு ஒரு திரை வரும். சிலவற்றில் எதுவுமே வராது. இதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது.

பழைய கெர்னலில் இருந்தபடி, ஆணைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து, சூடோ (நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள்) டிபிகேஜி என்று எழுதி இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனோடு கான்ஃபிகர், பிறகு ஒற்றை ஹைஃபனோடு ஏ என்று அடியுங்கள். பாதியில் நின்ற நிறுவல்களை இது முடித்துவைக்கும். அடுத்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால், இரண்டு ஹைஃபனோடு ஃபிக்ஸ் ஹைஃபன் புரோக்கன். பிறகு சூடோ உபுண்டு ஹைஃபன் டிரைவர்ஸ் இன்ஸ்டால். உங்கள் கார்டுக்கு உகந்த டிரைவரை அதுவே தேர்ந்து, இருக்கும் கெர்னலுக்கு ஏற்ற மாட்யூலோடு நிறுவும். முடிந்ததும் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பாருங்கள். புதிய கெர்னலின் எண்ணுக்கு நேராக என்விடியா, இன்ஸ்டால்டு என்று வந்தால் மாட்யூல் தயார். பட்டியல் வெறுமையாக இருந்தாலும் கவலை வேண்டாம், முன்பே தொகுத்த மாட்யூலைப் பயன்படுத்தும் கணினிகளில் அப்படித்தான் இருக்கும். மறுபடி தொடங்கி என்விடியா ஹைஃபன் எஸ்எம்ஐ என்று அடித்தால் கார்டின் பெயரோடு ஒரு கட்டம் வர வேண்டும். வந்தால் முடிந்தது.

மாட்யூல் நிறுவப்பட்டும் ஏற மறுத்தால் செக்யூர் பூட்டைச் சந்தேகப்படுங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நம்பகமான கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றாது. டிகேஎம்எஸ் உங்கள் வீட்டிலேயே தொகுத்த மாட்யூலுக்கு உங்கள் கணினியே உருவாக்கிய சாவியால் கையெழுத்துப் போடும். அந்தச் சாவியை மதர்போர்டு ஏற்றுக்கொள்ள நீங்கள் ஒருமுறை சம்மதம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறது. அடுத்தமுறை கணினி எழும்போது நீலத் திரை ஒன்று வந்து, எம்ஓகே (அந்தச் சாவிதான்) மேனேஜ்மெண்ட் செய்ய ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்று சொல்லும். பத்து விநாடிதான் காத்திருக்கும். அப்போது டீ போடப் போயிருந்தால் அது தானாகவே நகர்ந்துவிடும், சாவி சேராது, டிரைவர் ஏறாது. திரும்ப டிரைவர் நிறுவியபிறகு கணினிக்கு முன்னாலேயே இருங்கள். நீலத் திரை வந்ததும் என்ரோல் எம்ஓகே, கண்டின்யூ, யெஸ் என்று போய், முன்பு கொடுத்த கடவுச்சொல்லை அடித்து, ரீபூட் கொடுங்கள். செக்யூர் பூட் இயங்குகிறதா என்று தெரிய, எம்ஓகேயூடில் என்று எழுதி இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபன், எஸ்பி, ஒரு ஹைஃபன், ஸ்டேட் என்று அடித்தால் சொல்லிவிடும். வீட்டு டெஸ்க்டாப்பில் செக்யூர் பூட்டை பயாஸில் போய் அணைத்துவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் விண்டோஸும் அதே கணினியில் இருந்து பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், அணைத்ததும் அது மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லாமல் தொட வேண்டாம்.

பழைய கெர்னலிலும் கருப்புத்தான் என்றால்? அதற்குத்தான் நோமோட்செட். க்ரப் பட்டியலில் முதல் வரியின்மேல் நின்று, ஆங்கில அகரவரிசையின் ஐந்தாவது எழுத்தான இ பட்டனை அழுத்துங்கள். ஒரு சின்ன எடிட்டர் திறக்கும். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் கொயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் அழித்துவிட்டு அங்கே நோமோட்செட் என்று இடைவெளி இல்லாத ஒரே சொல்லாக அடித்து, கண்ட்ரோலோடு எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் இந்த ஒருமுறைக்கு மட்டும்தான். தவறாக அடித்தாலும் அடுத்தமுறை ஆன் செய்யும்போது பழையபடி இருக்கும், அதனால் தைரியமாகச் செய்யலாம்.

இது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. திரையின் அளவையும் தெளிவையும் அமைக்கும் வேலையை முன்பெல்லாம் திரையில் படம் வரையும் எக்ஸ் சர்வர் என்ற நிரல் செய்துகொண்டிருந்தது. 2009இல் வந்த கெர்னல் 2.6.29இல் அந்தப் பொறுப்பு முதலில் இன்டெல் கார்டுகளுக்குக் கெர்னலுக்குள்ளேயே போனது, பிறகு மற்ற கார்டுகளுக்கும் வந்தது. இப்போது கெர்னல் எழும் ஆரம்ப விநாடிகளிலேயே கார்டைத் தன் கைக்குள் எடுத்து முறையை மாற்றுகிறது. லோகோவுக்குப் பின் திரை ஒருமுறை கண் சிமிட்டுவது அதனால்தான். அந்த நேரத்தில் டிரைவர் தடுமாறினால் சிமிட்டிய கண் திறக்காது. கார்டைத் தொடாதே, பயாஸ் கொடுத்த படத்தையே வைத்துக்கொள் என்று நோமோட்செட் சொல்கிறது. வேகம் இருக்காது, தெளிவும் குறைவு. உள்ளே போய்ப் பழுது பார்க்க அது போதும். இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஏற்கமாட்டேன். காசு கொடுத்து வாங்கிய கார்டைப் பூட்டி வைத்தது போலாகும்.

கொயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழிக்கச் சொன்னதற்குத் தனிக் காரணம் உண்டு. கெர்னலும் சிஸ்டம்டியும் பேசும் அத்தனையையும் அழகுக்காக மறைத்து வைப்பவை அவை. அவற்றை எடுத்துவிட்டால் எழுத்துகள் ஓடும். எந்த வரியில் நிற்கிறதோ அதை ஃபோனில் படம் எடுங்கள். ஜினோம் டிஸ்ப்ளே மேனேஜர் தொடங்கியது என்ற வரிவரை வந்துவிட்டு நின்றால் கார்டு அல்லது லாகின் நிரல். ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டே போனால், எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கும் டிஸ்க் ஒன்று கழன்றிருக்கிறது. அந்த வரியை நீக்கினால் சரியாகிவிடும், அல்லது அதில் நோஃபெயில் என்று சேர்த்தாலும் போதும். இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் வந்து நின்றால், மின்சாரம் திடீரென்று போனதில் கோப்பு அமைப்பு கலைந்திருக்கலாம். டிஸ்க்கின் எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று மேலேயே பெரும்பாலும் சொல்லியிருக்கும். எஃப்எஸ்சிகே ஆணையோடு அந்தப் பெயரைக் கொடுத்தால் சரிசெய்யும். டிஸ்க்கே பழுதாகும் அறிகுறி, அதாவது கரகரப்புச் சத்தமோ ஐ/ஓ எரர் என்ற வரிகளோ இருந்தால் மட்டும் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும்.

நோமோட்செட்டோடு உள்ளே போய், மேலே சொன்ன டிரைவர் வேலையைச் செய்தும் சரியாகவில்லை என்றால், என்விடியாவை முழுதாக எடுத்துவிட்டு நூவோவுக்குத் திரும்பிப் பாருங்கள். சூடோ ஆப்ட் பர்ஜ் என்று எழுதி, என்விடியா என்ற சொல்லின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இட்டு, முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து எண்டர் கொடுங்கள். எதையெல்லாம் நீக்கப் போகிறது என்று பட்டியல் காட்டிச் சம்மதம் கேட்கும். அதைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள். உபுண்டு டெஸ்க்டாப் என்ற பெயர் பட்டியலில் இருந்தால் நோ என்பதன் முதல் எழுத்தை அடித்து வெளியே வந்துவிடுங்கள். மற்றபடி நீக்கி, மறுபடி தொடங்கினால் தடைப்பட்டியலும் போய்விடும், நூவோ எழும். விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் திணறும், ஆனால் ப்ராஜெக்ட் எழுத, பிரவுஸ் செய்யத் தாராளம். அப்புறம் சாவகாசமாகச் சரியான டிரைவரைப் போடலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. உங்களிடம் இருப்பது மிகப் பழைய என்விடியா கார்டு என்றால் புதிய டிரைவர் அதைத் தெரிந்துகொள்ளவே செய்யாது. ஃபெர்மி என்ற பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு 390 வரிசை டிரைவர்தான் கடைசி, கெப்லர் தலைமுறைக் கார்டுகளுக்கு 470. அந்தக் கார்டுகளுக்கு நூவோவே நிம்மதி. நேர்மாறாக, கார்டு புதியது, லினக்ஸ் பழையது என்றாலும் கருப்புத்தான். 2023 ஜூனில் கெர்னல் 6.1ஓடு வந்த டெபியன் 12க்கு, 2025இல் கடைக்கு வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070ஐ எப்படித் தெரியும்? அங்கே நோமோட்செட்டோடு ஏறி, புதிய கெர்னலும் புதிய ஃபர்ம்வேர் தொகுப்பும் போட வேண்டும்.

டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாமல் இதே அறிகுறி வரும் இன்னொரு காரணம் டிஸ்க் நிரம்பிவிடுவது. அப்டேட் செய்த மறுநாள் வந்தது என்பதால் உங்களுக்கும் இதைப் பார்த்துவிட வேண்டும். முனையத்தில் டிஎஃப், ஹைஃபன், ஹெச் என்று அடியுங்கள். சாய்கோடு மட்டும் இருக்கும் வரியில் 100% என்று இருந்தால் அதுதான் வினை. எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு வழக்கமாக 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கிறது. அதனால் கணினி எழும், சேவைகள் ஓடும், முனையத்திலும் நுழைய முடியும். ஆனால் சாதாரணப் பயனரான நீங்கள் டெஸ்க்டாப்புக்குள் நுழையும்போது எழுத வேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளுக்கு இடம் இருக்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் திரை கருப்பாகி, மறுபடி லாகினுக்கே வந்து நிற்கும். சூடோ ஆப்ட் கிளீன், சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் இரண்டும் உடனே கொஞ்சம் இடம் தரும். பிறகு குப்பைத் தொட்டியையும் டவுன்லோட்ஸையும் பாருங்கள்.

கருப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது என்றால் டிரைவர் வேலை செய்கிறது, உங்கள் டெஸ்க்டாப் அமைப்பில்தான் சிக்கல். முனையத்தில் போய் சூடோ ஆட்யூசர் சோதனை என்கிற மாதிரி ஒரு புதிய பயனரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அதில் டெஸ்க்டாப் ஒழுங்காக வந்தால் கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள். முதல் குற்றவாளி ஜினோம் எக்ஸ்டென்ஷன்கள். அவை இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்தால் அடுத்தமுறை அவை இல்லாமல் எழும். இரண்டாவது, மறைவாக இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் உள்ள மானிட்டர்ஸ் எக்ஸ்எம்எல் என்ற கோப்பு. பழைய மானிட்டரின் அளவு அதில் பதிந்திருக்கும். புதிய மானிட்டர் அதைத் தாங்காவிட்டால் கருப்பு. அதன் பெயரையும் மாற்றிவிடலாம். எதையும் அழிக்க வேண்டாம், பெயர் மாற்றினால் போதும், தேவையென்றால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன எதிலும் உள்ளே போக முடியவில்லை என்றால் ப்ராஜெக்ட்டை வெளியே எடுக்கும் வழி இது. வேறொரு கணினியில் உபுண்டு யூஎஸ்பி ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். பட்டியலில் சேஃப் கிராஃபிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள், உள்ளே அதுவும் நோமோட்செட்தான். நிறுவல் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, முயன்று பார்க்கும் வழியில் போங்கள். ஃபைல்ஸில் உங்கள் டிஸ்க்கைத் திறந்து ஹோமுக்குள் போனால் அனுமதி இல்லை என்று சொல்லலாம். 21.04இலிருந்து உபுண்டு ஹோம் ஃபோல்டர்களை மற்றவர் பார்க்க முடியாமல் பூட்டி வைக்கிறது. கோப்புகள் போய்விட்டன என்று நினைத்துவிடாதீர்கள். டெர்மினலில் சூடோ சிபி ஹைஃபன் ஆர் என்று கொடுத்து நகலெடுத்தால் வந்துவிடும், அங்கே சூடோவுக்குக் கடவுச்சொல்லும் கேட்காது. கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாலும் இதை முடித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

சரியான பிறகு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி இரண்டு வேலை செய்து வையுங்கள். ஈடிசி, அதற்குள் டீஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பை நானோ என்ற எடிட்டரில் திறந்து, டைம்அவுட் ஸ்டைல் என்ற இடத்தில் ஹிடன் என்பதை மெனு என்றும், டைம்அவுட் 0 என்பதை 5 என்றும் மாற்றி, சூடோ அப்டேட் ஹைஃபன் க்ரப் கொடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் கெர்னல் பட்டியல் ஐந்து விநாடி கண்முன் நிற்கும், எஸ்கேப்போடு போராட வேண்டாம். அப்புறம் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவுங்கள். அடுத்தமுறை திரை கருப்பானாலும் மகளின் லேப்டாப்பிலிருந்து வீட்டு வைஃபை வழியாக உள்ளே நுழைந்து, மேலே சொன்ன அத்தனையையும் அங்கே உட்கார்ந்தே செய்யலாம்.

இவ்வளவும் செய்து நகரவில்லை என்றால் மூன்றைச் சொல்லுங்கள்: கேப்ஸ் லாக் விளக்கு என்ன செய்தது, கொயட், ஸ்பிளாஷ் எடுத்தபின் கடைசியாக நின்ற வரிகளின் படம், பிறகு ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் பி ஹைஃபன் 1 என்று அடித்தால் வரும், முந்தைய பூட்டின் பதிவில் என்விடியா, டிஆர்எம், ஜிடிஎம் என்ற பெயர்கள் உள்ள வரிகள். இடைவெளி ஒவ்வொரு ஹைஃபனுக்கும் முன்னால் மட்டும் உண்டு. அங்கிருந்து தொடரலாம்.